எல்லாத் தெருவுக்கும் பொது

உ
சிவமயம்
மருதந்துறை,
12-11-94

அன்புள்ள மகன் சிரஞ்சீவி குமரவேலுக்கு அப்பா ஐயம்பெருமாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் ஆண்டவன் கிருபையில் சுகமாக இருக்கிறோம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதில் அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. ஆற்றில் செந்தண்ணீர் வருகிறது. படித்துறையில் மேலே நாலு படிதான் தெரிகிறது. மூன்று நாளாக எனக்குக் கிணற்றடிக் குளியல். தச்சநல்லூரிலிருந்து உன் அக்கா சித்ரலேகா தீபாவளிக்கு வந்துவிட்டுப் போனாள். நீ இல்லாத தீபாவளி இதுதான் முதல்.

உன் கடிதம் கிடைத்தது. உர ஆலையில் ஷிப்டு மாறி மாறி வருவதையும், பரோடாவில் பருப்பில் சர்க்கரை போடுவதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்று கேட்க வேண்டும். கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி இல்லை. முந்தின இரண்டு கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். அவற்றிலும் இல்லை. அவசரத்தில் எழுதினாயோ? ஒரு சுழி போட எவ்வளவு நேரம் ஆகும்?

இன்னொரு விஷயம். சித்திரைத் திருவிழாவில் ஏழாந் திருநாள் நம் வீட்டு மண்டகப்படி. அன்றைக்குச் சாமிக்கு வேண்டியதெல்லாம் நம் பொறுப்பு, கோவில் மரியாதையும் நமக்கு. தலைமுறை தலைமுறையாக நடப்பது. எனக்கு அறுபத்தொன்று ஆகிறது. வருகிற சித்திரையில் பரிவட்டத்தை உன் தலையில் கட்டச் சொல்லலாம் என்றிருக்கிறேன். இப்போதே லீவுக்குச் சொல்லிவை.

குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அப்பா,
ஐயம்பெருமாள்


பரோடா,
4-12-94

அன்புள்ள அப்பாவுக்கு, குமரவேல் வணக்கம்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவின் முழங்காலுக்கு வெறும் தைலம் போதாது, சேரன்மகாதேவி டாக்டரிடம் ஒருதடவை காட்டுங்கள்.

நான் மறுபடியும் அறை மாற்றிவிட்டேன். ஆறு மாதத்தில் மூன்றாவது அறை. பழைய அறையில் குறை ஒன்றும் இல்லை. எங்கேயும் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். இப்போது கூட இருப்பவன் நம் மேலப்பாளையத்துப் பையன், சேக் முகம்மது. ஆலையில் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறான். அவன் பேச்சைக் கேட்டால் திருநெல்வேலி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

சுழி அவசரத்தில் விட்டுப்போகவில்லை. முதல் கடிதம் எழுதும்போது பேனாவைத் தாளில் வைத்தேன். போடத் தோன்றவில்லை. போட்டால் பொய்யாக இருக்கும் என்று பட்டது. அப்புறம் அதை யோசிக்கவே இல்லை. இங்கே நவராத்திரி ஒன்பது நாளும் ஊரே வீதியில் ஆடியது. நானும் போய் ஓரமாக நின்றேன். கூட நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டபோது என் கை பேண்ட் பாக்கெட்டில் இருந்தது. எடுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

சித்திரையில் ஆலையை நிறுத்திப் பராமரிப்பு வேலை பார்ப்பார்கள். லீவு கிடைக்காது.

அன்புடன்,
குமரவேல்


உ
சிவமயம்
மருதந்துறை,
20-12-94

சிரஞ்சீவி குமரவேலுக்கு அப்பா ஆசீர்வாதம்.

இங்கே சுகக்கேடு ஏதும் இல்லை. உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசிக்கும்போது அந்த ஒரு வரியை விட்டுவிட்டு வாசித்தேன். எந்த வரி என்று உனக்குத் தெரியும்.

மார்கழி பிறந்துவிட்டது. விடியற்காலம் கோவிலில் திருவெம்பாவை ஓத நானும் மூன்று கிழவர்களும்தான். மேலத்தெருவில் இருபத்தாறு வீடு. பதினைந்து வீட்டுப் பிள்ளைகள் வெளியூரில். ஊரில் இருப்பவர்களும் சந்நிதிப் பக்கம் தலைகாட்டுவதில்லை. மெட்ராஸில் பாங்கு வேலை பார்க்கிற ஆவுடையப்பன் மகன் நாலு நாள் வந்திருந்தான். நாலு நாளும் பஸ் ஸ்டாப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தான். கேட்டால், "நேரமில்ல பெரியப்பா" என்கிறான். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நேரம் இன்றில்லாவிட்டால் நாளைக்கு வரும். நீ எழுதியிருப்பது வேறு மாதிரி இருக்கிறது.

சாமி உனக்கு என்ன குறை வைத்தது? கேட்ட படிப்பு கிடைத்தது. படித்து முடித்த கையோடு வேலை கிடைத்தது. வாசலில் நின்று கும்பிடக்கூட மனமில்லாத அளவுக்கு என்ன கோபம்? இருந்தால் எழுது. அப்பாவுக்கு எழுதாமல் யாருக்கு எழுதப்போகிறாய்?

பத்தமடைப் பாய் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள் அம்மா. அந்தப் பக்கம் யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறோம்.

அப்பா


பரோடா,
18-1-95

அன்புள்ள அப்பாவுக்கு,

பொங்கல் நல்லபடியாக நடந்திருக்கும். அம்மாவுக்கு என் நமஸ்காரம். இங்கே பொங்கலன்று மொட்டைமாடி எல்லாம் பட்டம் விட்டார்கள். சேக்கும் நானும் அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துவிட்டு ஷிப்டுக்குப் போனோம்.

எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசிவரை வாசியுங்கள்.

போன சித்திரைத் தேரோட்டம். முப்பிடாதியை நான்தான் கூப்பிட்டேன். கீழத்தெருப் பையன், ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து என் பெஞ்சுக்காரன். டெலிபோன் ஆபீஸில் அவனுக்கு அப்போதுதான் உத்தரவு வந்திருந்தது. "வாலே, ரெண்டு பேரும் சேர்ந்து வடம் பிடிப்போம்" என்றேன். அவன் யோசித்தான். "எங்க அப்பா இருக்காவ, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றேன். உங்களை நம்பிச் சொன்னேன் அப்பா.

அவன் வடத்தில் கை வைத்து இரண்டு நிமிஷம் இருக்காது. ஆவுடையப்பன் சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஏலே, யாரைக் கேட்டு இதுல கை வச்ச? எடுலே கையை."

நான் உங்களைப் பார்த்தேன். பரிவட்டத்தோடு பத்தடி தள்ளி நின்றீர்கள். உங்களுக்குக் கேட்டது. நீங்கள் எங்களைப் பார்த்தீர்கள். பிறகு அண்ணாந்து தேர்க் கலசத்தைப் பார்த்தீர்கள். அதில் அப்போது பார்க்க ஒன்றுமில்லை.

முப்பிடாதி கையை எடுத்தான். சட்டையில் துடைத்துக்கொண்டான். "நான் வாரேம்லே" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு நடந்தான். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நானும் சேர்ந்து போட்டிருப்பேன். நான் என்ன செய்தேன் தெரியுமா? வடத்தை விடாமல் நிலைவரை இழுத்தேன். எல்லோரும் பார்க்கிறார்களே என்று. அடுத்த மாதம் ரயில் ஏறினேன்.

சாமி எனக்குக் குறை வைக்கவில்லை. அந்த இடத்தில் எனக்குச் சாமி தெரியவில்லை. உங்கள் எல்லோரையும்தான் தெரிந்தது.

குமரவேல்


உ
சிவமயம்
மருதந்துறை,
6-3-95

சிரஞ்சீவி குமரவேலுக்கு அப்பா ஆசீர்வாதம்.

இருவரும் சுகம். கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

அம்மாவைச் சேரன்மகாதேவியில் காட்டினோம். ஊசி போட்டார்கள். பிசான நெல் அறுவடை முடிந்தது. வெயில் இப்போதே ஏறத் தொடங்கிவிட்டது. மாசியில் திருவிழாக் கமிட்டிக் கூட்டம் நடந்தது.

லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை. வேலையைக் கவனி.

அப்பா


பரோடா,
22-4-95

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா இப்போது மாடிப்படி ஏறுகிறாளா என்று எழுதுங்கள்.

நான் இரண்டு பக்கம் எழுதினேன். நீங்கள் ஏழு வாரம் கழித்து அறுவடையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். திட்டியாவது எழுதியிருக்கலாம். "கமிட்டிக் கூட்டம் நடந்தது" என்ற வரியை எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. கூட்டம் நடக்கும், கொடி ஏறும், தேர் ஓடும், எல்லாம் போன வருஷம் மாதிரியே நடக்கும். அதைத்தான் சொல்ல வருகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஷிப்டு முடிந்ததும் அறைக்குப் போகப் பிடிக்காமல் ரயில்வே ஸ்டேஷன்வரை நடக்கிறேன். தெற்கே போகிற வண்டி புறப்படும்வரை பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

சேக் பக்ரீத் பெருநாளுக்கு ஊருக்கு வருகிறான். அம்மாவுக்கு ஒரு போர்வையும் உங்களுக்கு இரண்டு சட்டைத்துணியும் கொடுத்துவிடுகிறேன். வீட்டுக்கு வந்து கொடுப்பான். பாயை அவனிடம் கொடுத்து அனுப்புங்கள்.

குமரவேல்


உ
சிவமயம்
மருதந்துறை,
20-5-95

சிரஞ்சீவி குமரவேலுக்கு அப்பா ஆசீர்வாதம்.

நாங்கள் சௌக்கியம். அம்மா மாடிப்படி ஏறுகிறாள், இறங்கத்தான் சுவரைப் பிடிக்கிறாள். உன் சிநேகிதன் வந்து சாமான்களைக் கொடுத்தான். நல்ல பையன். பாயைக் கொடுத்தனுப்பினேன். சட்டைத்துணி எனக்கு எதற்கு?

திருவிழா முடிந்தது. ஏழாந் திருநாள் அலங்காரம் நன்றாக இருந்ததாம். தேர் சனிக்கிழமை காலை எட்டேகாலுக்குப் புறப்பட்டு, சாயங்காலம் நாலு மணிக்கு நிலைக்கு வந்ததாம். கூட்டம் போன வருஷத்தைவிடக் குறைவு என்று சொல்லிக்கொண்டார்கள். மழை இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி ஷிப்டு முடிந்தால் தூங்கு, நடக்காதே.

அப்பா


பரோடா,
9-6-95

அன்புள்ள அப்பாவுக்கு,

பாய் வந்து சேர்ந்தது. வெயிலுக்கு அதில் படுத்தால் குளுகுளுவென்று இருக்கிறது. அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் "இருந்ததாம்", "வந்ததாம்" என்று இருக்கிறது. தாலுகா ஆபீஸில் முப்பத்து மூன்று வருஷம் கோப்பு எழுதியவர் நீங்கள். கண்ணால் பார்த்ததை அப்படி எழுத மாட்டீர்கள்.

சேக் நம் வீட்டுக்கு வந்தது தேரோட்டத்தன்று என்று இப்போதுதான் சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. உங்க வீட்டுல உங்க அப்பா மட்டும் பட்டாசாலைக் கூடத்துல இருந்தாங்க. பளிச்சுன்னு வேட்டி, நெத்தியில திருநீறு, புறப்படுத ஆள் மாதிரியே இருந்தாங்க. 'தேருக்குப் போகலியா'ன்னு கேட்டேன். 'வெயில் தாங்கல தம்பி'ன்னாங்க. ஆனா அங்கன சத்தம் கேக்கும்போதெல்லாம் எந்திரிச்சு வாசல் வரைக்கும் வாராங்க, திரும்பிப் போய் உக்காருதாங்க. இப்படி நாலு வாட்டி. எனக்கு இலை போட்டு அவங்களே பரிமாறுனாங்க. எனக்குத்தான் சோறு இறங்கல."

என்ன நடந்தது அப்பா? உடம்பு சரியில்லையா? மறைக்காமல் எழுதுங்கள்.

சேக்கிடம் ஏன் இதை முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "வீட்டுக்கு வீடு ஒண்ணு மறைக்கத்தான் செய்யுதோம். நான் ஜும்மாவுக்குப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. உம்மாவுக்கு எழுதும்போது வாராவாரம் போறேன்னுதான் எழுதுதேன்" என்றான்.

பதிலை எதிர்பார்த்து,
குமரவேல்


உ
தச்சநல்லூர்,
16-8-95

அன்புத் தம்பி குமரவேலுக்கு அக்கா சித்ரலேகா எழுதுவது.

இங்கே அத்தானும் பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள். நீ அப்பாவுக்கு ஜூனில் போட்ட கடிதம் அலமாரியில் தேதி வரிசையில் இருக்கிறது. பதில் எழுத உட்காருகிறார், எழுந்துவிடுகிறார் என்று அம்மா சொன்னாள். அதனால் நான் எழுதுகிறேன். நான் எழுதியது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மறைத்தது போதும்.

ஜனவரியில் உன் கடிதம் வந்த அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. அம்மா கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். மாசியில் கமிட்டிக் கூட்டம். கூட்டம் முடிகிற நேரத்தில் அப்பா எழுந்து, "ஒரு தீர்மானம் எழுதிக்கிடுங்க. இந்த வருஷத்துல இருந்து தேர்வடம் எல்லாத் தெருவுக்கும் பொது" என்றாராம். அத்தானும் நம் தெருவில் பிறந்தவர்தானே, கமிட்டியில் பேர் உண்டு, அங்கே இருந்தார். பிறகு ஆவுடையப்பன் சித்தப்பா சிரித்தார்.

"என்ன அண்ணாச்சி, பரோடாவுல இருந்து மகன் எழுதி அனுப்புனானா?"

"அவன் எழுதுனதும் உண்டு. நான் பார்த்ததும் உண்டு" என்றார் அப்பா.

பின்னால் இருந்து இன்னொருவர் சொன்னார்: "வே, போன வருஷம் நீரும் அங்கனதான நின்னீரு? அப்ப வாயில என்ன வச்சிருந்தீரு?"

அதற்கு அப்பா, "சரிதான்" என்று மட்டும் சொன்னாராம். யாராவது வழிமொழிவார்களா என்று கேட்டார்கள். ஒரு கை எழவில்லை. அத்தான் கையும் எழவில்லை. அதற்காக நான் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. அப்பா தன் பொறுப்பில் இருந்த கோவில் வாகன அறைச் சாவியை மடியிலிருந்து எடுத்து ஜமுக்காளத்தில் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

அன்றையிலிருந்து அவர் கோவிலுக்குள் போகவில்லை. நம் மண்டகப்படியைச் சித்தப்பா நடத்துகிறார். அம்மா மட்டும் போகிறாள், பிரசாதத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறாள், அப்பா வாங்கி நெற்றியில் பூசிக்கொள்கிறார். விடியற்காலம் ஆற்றங்கரையில் தனியாக உட்கார்ந்து ஓதுகிறார். ஊரில் பாதிப் பேர் அவரோடு பேசுவதில்லை.

ஏன் உனக்கு எழுதவில்லை என்று கேட்டேன். "எழுதினா, நான் சொன்னதுதானப்பா சரின்னு பதில் போடுவான். எனக்கு அதைப் படிக்கப் பிடிக்கல" என்றார். பிறகு, "ஒரு வருஷம் பிந்திப்போச்சுல்லா" என்றார்.

நீ அவருக்கு எழுது. சரி தப்பு எதுவும் எழுதாதே.

அக்கா


பரோடா,
3-9-95

அன்புள்ள அப்பாவுக்கு,

அக்கா எழுதினாள். அவளைக் கோபிக்காதீர்கள். இந்த மூன்று நாளில் மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

என்னை மன்னியுங்கள். நீங்கள் கலசத்தைப் பார்த்ததை எழுதினேன், அதே கையால் நான் வடத்தை விடாமல் இழுத்ததையும் எழுதினேன். ஆனால் குற்றம் முழுவதையும் உங்கள் பேரில் போட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் அங்கேயே இருந்துகொண்டு கேட்டீர்கள். நான் ஆயிரம் மைல் தள்ளிப்போய்க் கேட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் நானும் சேக் மாதிரி ஆகிவிடுவேன். அக்காவின் கடிதத்தை வாசித்ததும், என் கோபம் இனித் தீர்ந்துவிடும், பழையபடி கும்பிட முடியும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு சிவன் கோவிலுக்குப் போனேன். யாரும் யாரையும் தடுக்கவில்லை. வரிசையில் நின்றேன், மணி அடித்தார்கள், எனக்குள் ஒன்றும் அசையவில்லை. கோபம் போய்விட்டது அப்பா. அது இருந்த இடத்தில் பக்தி இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. எப்போது போனது என்றும் தெரியவில்லை. தேரோட்டத்துக்கு முன்பே போயிருக்குமோ, அன்றைக்கு எனக்கு ஒரு காரணம் கிடைத்ததோ என்றுகூடச் சந்தேகமாக இருக்கிறது.

இது உங்களுக்கு வருத்தம் தரும். ஆனாலும் உண்மை.

அம்மாவுக்கு நமஸ்காரம். நீங்கள் தனியாக ஆற்றில் இறங்கும்போது ஜாக்கிரதை. படித்துறை வழுக்கும்.

குமரவேல்


உ
சிவமயம்
மருதந்துறை,
28-9-95

அன்புள்ள குமரவேலுக்கு அப்பா ஆசீர்வாதம்.

இருவரும் சுகம். இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அதை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு, "நமக்குப் பொய் எழுதலல்லா" என்றாள். அழுதாள். எனக்கும் வருத்தம்தான். இல்லை என்று எழுத மாட்டேன்.

போன புதன்கிழமை முப்பிடாதியைப் பார்த்தேன். மாசியிலேயே போயிருக்க வேண்டும், கால் வரவில்லை. சேரன்மகாதேவி டெலிபோன் ஆபீஸில் வரிசையில் நின்றேன். என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டான். வேப்பமரத்தடியில் நின்று பேசினோம். நான் அன்றைக்குச் செய்தது தவறு என்று சொன்னேன். அதைச் சொல்ல ஒன்றரை வருஷம் ஆகியிருக்கிறது.

"நீங்க கமிட்டியில கேட்டது எங்க தெருவுக்கும் தெரியும் ஐயா" என்றான். "ஆனா எனக்கு இப்ப அந்த வடம் வேண்டாம்."

"கோபமா தம்பி?"

"கோபம்லாம் அன்னைக்கே வீட்டுக்குப் போறதுக்குள்ள ஆறிட்டு. இப்ப அந்தப் பக்கம் நினைப்பே போகல. எனக்குக் கல்யாணமாயிட்டு ஐயா, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. தாலி, மந்திரம் ஒண்ணும் வைக்கல. சந்தோஷமா இருக்கேன். குமரவேலு எப்படி இருக்கான்?"

நீ அறை மாற்றிக்கொண்டே இருப்பதாகச் சொன்னேன். சிரித்தான். "பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான், ஒரு பெஞ்சுல இருக்க மாட்டான்" என்றான்.

பாபநாசம் பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். யாருக்காகக் கேட்டேன்? என் வீட்டுப் பிள்ளைக்கும் வேண்டாம். வெளியே நிறுத்திய பிள்ளைக்கும் வேண்டாம். எனக்குத்தான் வேண்டியிருக்கிறது. நானும் வெளியே நிற்கிறேன். இறங்கவேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

பொங்கலுக்கு வா. கோவிலுக்குப் போ என்று சொல்ல மாட்டேன். நான் போகாத இடத்துக்கு உன்னைப் போகச் சொல்ல எனக்கு வாயில்லை.

அப்பா


உ
சிவமயம்
மருதந்துறை,
9-5-96

அன்புள்ள குமரவேலுக்கு அப்பா ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் சுகம். பொங்கலுக்கு நீ வந்துபோன பிறகும் வீடு கொஞ்ச நாள் சத்தமாக இருந்த மாதிரி இருந்தது. நாம் தினமும் விடியற்காலம் ஆற்றுக்குப் போனோமே, நான் ஓதி முடிக்கும்வரை நீ கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாயே, அதைப் பற்றி அம்மா எல்லோரிடமும் சொல்கிறாள். நீ கும்பிடவில்லை என்பதை மட்டும் சொல்வதில்லை.

போன வாரம் நடந்ததை உனக்கு எழுத வேண்டும்.

தேர் இந்த வருஷம் மேலரத வீதித் திருப்பத்தில் நின்றுவிட்டது. இழுக்க ஆள் இல்லை. நம் தெருவில் வடம் பிடிக்கிற வயசுப் பிள்ளைகள் ஒன்பது பேர் என்று உன் அத்தான் சொன்னார். மற்றவர்கள் எல்லாம் என் வயசு. சாயங்காலம் வரை பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். மறுநாள் காலை ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றான். பதினைந்து மாதத்துக்குப் பிறகு.

"அண்ணாச்சி, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதிய. சாமி ரோட்டுல நிக்கு. கீழத்தெரு ஆட்கள நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டா வருவாங்க."

"வருவாங்க. தேர் நிலைக்கு வந்த பிறகு?"

"அதைப் பொறவு பேசிக்கிடலாம்."

"இப்பப் பேசு. அடுத்த வருஷமும் அவங்க வடம் பிடிக்கலாம்னு தீர்மானம் எழுதுவியா?"

அவன் தரையைப் பார்த்தான். "அதுக்குக் கூட்டம் போடணும்லா அண்ணாச்சி" என்றான்.

"அப்போ நான் கூப்பிட மாட்டேன்" என்றேன்.

அவன் போன பிறகு அம்மா உள்ளேயிருந்து வந்தாள். "நீங்க சொன்னது நியாயம்தான். ஆனா சாமி வெயில்ல நிக்குல்லா" என்றாள். எனக்கு அந்த வார்த்தையைத் தாங்க முடியவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தெருமுனையில் நின்றேன். வலது பக்கம் போனால் தேர் நிற்கிற இடம். ஒரு கை கூடினால் ஒரு கைதானே, போய்ப் பிடிக்கலாமா என்று இருந்தது. வெகுநேரம் நின்றேன் குமரவேல். பிறகு இடது பக்கம் நடந்தேன்.

கீழத்தெருவுக்குள் நான் போனது என் ஆயுளில் இதுதான் முதல் தடவை. தாலுகா ஆபீஸ் வேலையாகக்கூடப் போனதில்லை. முப்பிடாதி வீட்டில் இருந்தான். அவன் அம்மா பதறிப்போய் எழுந்து நின்றாள். அவன் நாற்காலியை எடுத்துப் போட்டான்.

"கூப்பிட வந்தியளா ஐயா?" என்றான்.

"இல்ல. கூப்பிடச் சொன்னாங்க. மாட்டேன்னு சொல்லிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"காலையிலயே இங்கயும் ஆள் வந்தாங்க. எங்க தெருவுலயும் பசங்க பாதிப் பேரு திருப்பூர்ல. இருக்கவன்லாம் மாட்டேன்னுட்டான். நான் ஒண்ணும் சொல்லிக்கொடுக்கல" என்றான். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். அவன் மனைவி சாலோமி காப்பி கொண்டுவந்தாள். குடித்தேன். நல்ல காப்பி.

அப்போது தூரத்தில் என்ஜின் சத்தம் கேட்டது. அம்பாசமுத்திரத்திலிருந்து இரண்டு டிராக்டர் வரவழைத்திருந்தார்களாம். சங்கிலி கட்டி இழுக்கிறார்கள். டிராக்டர் உறுமுகிறது, நிற்கிறது, மறுபடியும் உறுமுகிறது. தேர்ச் சக்கரம் தரையில் அரைபடுகிற சத்தம் தெரியுமே, அது கேட்டது. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கை இரண்டும் தானாகக் கூம்பிவிட்டன. கண்ணை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

கண்ணைத் திறந்தபோது முப்பிடாதி காலி டம்ளரைக்கூட எடுத்திருக்கவில்லை. நான் கும்பிட்டு முடிக்கட்டும் என்று சும்மா நின்றுகொண்டிருந்தான். நான் உட்கார்ந்த பிறகுதான், "இன்னும் கொஞ்சம் காப்பி குடிக்கியளா ஐயா?" என்று கேட்டான்.

குடித்தேன்.

உன்னைப் பற்றித்தான் பிறகு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அப்பா,
ஐயம்பெருமாள்